சுபேதார் ஐயாவின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பெங்களூர் அல்சூரில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் சுபேதார் ஐயா என்று அழைக்கும் பெரியவர், இராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் பணியாற்றியவர். 1971 போரில் பசந்தர் ஆற்றருகே கண்ணிவெடி அகற்றியவர். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து இந்த நாற்பது ஆண்டுகளும் எங்கள் பகுதிக்கே உழைத்திருக்கிறார். வரும் மாதம் அவருக்கு எண்பது வயது நிறைவதால் பாராட்டு விழா எடுத்து வாழ்த்துமடல் வாசித்தளிக்க இருக்கிறோம். மடலின் வரைவை இணைத்துள்ளேன். அதன் தலைப்பில் எந்தக் குறளைப் போடலாம்? பொன்னாடையோடு கேடயம் தரலாமா, பணமுடிப்பு தரலாமா? சட்டமன்ற உறுப்பினரை அழைப்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ம., அல்சூர்

அன்புள்ள ம.,

ஒரு மனிதர் கண்ணெதிரே இருக்கும்போதே அவருக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்காக உங்களை வணங்குகிறேன். கேடயமா பணமுடிப்பா, மேடையில் யார் உட்காருவது என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வரைவைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும்.

மூன்று பக்க வரைவில் இரண்டரைப் பக்கம் போர். அதுவும் டாங்கிகள் கடந்து செல்லக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்த படையணியின் வரலாறு; நூலகத்தில் கிடைப்பது. அவரிடம் கேட்டு எழுதிய வரி ஒன்றுகூட அதில் இல்லை. மிச்சமுள்ள அரைப் பக்கத்தில் ‘தன்னலமற்ற சேவை’ மூன்று முறை வருகிறது. ‘கலவரக் காலத்திலும் துணை நின்றார்’ என்று ஒரு வரி வருகிறது. எந்தக் கலவரம்? 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு நடந்தது என்றால், அந்த இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்று அவர் எங்கே நின்றார்? தெருமுனையில் தனியாகவா, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் உடன் நின்றாரா? யாரை யார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்? இவ்வளவையும் ஒரு வரியில் மூடிவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நம் முன்னோர் இப்படி எழுதவில்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும்போது உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு இருந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அதில் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தையும் உளியால் கொத்த வேண்டியிருந்த ஏழாம் நூற்றாண்டில், ஒரு நாயின் பெயருக்கும் அது செய்த காரியத்துக்கும் கல்லில் இடம் இருந்திருக்கிறது. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில், கல்லைத் தேடிக் காண்பது முதலாவது, வாழ்த்துவது ஆறாவது. நீங்கள் முதல் ஐந்தையும் விட்டுவிட்டு நேராக வாழ்த்துக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் சுபேதார் ஐயாவின் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில், உடன் வந்தவர் மிதித்துவிட்ட கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருது பெற்ற அவரை இன்றும் நாம் அறிந்திருப்பது, அந்தச் சில நொடிகளில் நடந்ததை யாரோ ஒருவர் அப்படியே எழுதி வைத்ததால்தான்.

எனக்குக் கோபம் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. என் அப்பாவும் சாப்பர்தான். நான் நான்காம் வகுப்பில் இருக்கும்போது இறந்துபோனார். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயரில் பின்பாதி விடுபட்டிருந்ததால் குடும்ப ஓய்வூதியம் இரண்டு ஆண்டுகள் வராமலே நின்றது. ‘அந்தப் பெண் நீதான் என்பதற்கு என்னம்மா அத்தாட்சி?’ என்று ஓர் அலுவலகத்தில் அம்மாவைக் கேட்டபோது நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மர்பி டவுனில் எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருந்த ஹவில்தார் மாமா, பழைய ரெக்சின் பையில் எங்கள் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் உடன் வந்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ‘கைநாட்டு வைத்தால் இவர்கள் மதிக்க மாட்டார்கள், தங்கச்சி’ என்று சொல்லி, கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்புறம் பென்சிலால் கோடு போட்டு, மாலைதோறும் உட்கார்ந்து அவள் பெயரை எழுதப் பழக்கினார். விடுபட்டிருந்த பின்பாதியை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் காட்டியிருந்தார்.

சென்ற மாதம் அம்மா காலமான பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தாள்கள் இருந்தன. உறுதிமொழிப் பத்திரத்தின் நகலில் சாட்சியாக மாமா போட்ட கையெழுத்தும் இருந்தது. மடிப்பில் மை ஊறிப் படிக்க முடியவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பழைய தெருவுக்குப் போய் விசாரித்தேன். ஹவில்தார் என்பதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மூன்று பக்கங்களிலும் சுபேதார் ஐயா, சுபேதார் ஐயா என்றே இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போங்கள். நவம்பர்தோறும் உயிர்ச்சான்றுக்கு யார் யாரை அழைத்துப் போனார், ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்னும் இணையவழி முறைக்கு மாறியபோது எந்தெந்த வீட்டுப் பெயர்ப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார், ஏரியைச் சுற்றி ஓடவிட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பிய பையன்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கும்மா’ என்பார், விடாதீர்கள். குறளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் அவருடைய பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர் மூன்றையும் எழுதி, அவரிடமே காட்டி, எழுத்து சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.