சிறைக்குள் தொற்றுநோய்: சிறை மருத்துவரிடம் கேளுங்கள்

வணக்கம். சிறை மருத்துவம் என் வேலை. டிபி, சொறி, ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் அழற்சி, கொரோனா என உள்ளே பரவும் எதைப் பற்றியும் கேட்கலாம். ஜாமீன், பரோல், வழக்கு விவகாரமென்றால் வக்கீலைப் பாருங்கள்.

சட்ட மாணவி: சிறையில் டிபி ஏன் இவ்வளவு அதிகம் டாக்டர்?

வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டிபி காற்றில் பரவுவது. சாயங்காலம் பூட்டிய கதவு காலையில்தான் திறக்கும். பத்துப் பேருக்கான அறையில் முப்பது பேர் படுத்திருந்தால், ஒருவர் இருமிய காற்றைத்தான் இரவு முழுக்க எல்லோரும் சுவாசிக்கிறார்கள். சத்துக்குறைவு, புகைப்பழக்கம், எச்.ஐ.வி. இவற்றோடு உள்ளே வருபவர்களும் அதிகம். நெல்சன் மண்டேலாவுக்கே 1988-இல், கைதியாக இருந்தபோதுதான் டிபி கண்டுபிடித்தார்கள். மருந்து எடுத்துக் குணமானார்.

என்ன செய்யலாம்? முதலில் ஜன்னல். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து பார்த்தார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்துவிட்டால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளைவிடக் காற்று வேகமாக மாறியது. சிறைகளிலோ தப்பிவிடுவார்கள் என்றும், சாமான் கைமாறும் என்றும் ஜன்னலைத் தகரம் வைத்து அடைக்கிறோம். கம்பி இருக்கட்டும், தகரத்தை எடுங்கள். அடுத்தது, வந்த அன்றே பரிசோதனை. நுழையும்போது மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இருப்பவர்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இருமுகிறவரைத் தண்டிக்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

ஒரு வாசகர்: பார்க்க வரும் சொந்தக்காரர்களை நிறுத்தினாலே நோய் உள்ளே வராதே?

வரும். காவலர்கள் ஷிப்ட் ஷிப்டாகத் தினமும் வந்து போகிறார்கள், புதுக் கைதிகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரிய ஆபத்து இடமாற்றம். 2020 மே மாதக் கடைசியில் கலிபோர்னியாவில் தொற்று பரவியிருந்த ஒரு சிறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை சான் குவென்டின் சிறைக்கு மாற்றினார்கள். பலருக்குப் பரிசோதனை செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அதன்பின் அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா பரவியது. கைதிகள் 28 பேரும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள்.

இன்னொருவர்: விசிட்டிங்கை ரத்து செய்தால்?

மேலே இருக்கிறது.

மூன்றாமவர்: நோய்க்காலத்தில் மனு போட்டுக் கைதியைப் பார்ப்பதை மூடிவிட்டால் என்ன?

இதே கேள்வி மூன்றாவது முறை. தயவுசெய்து முன் பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். தவிர்க்கவே முடியாமல் சந்திப்பை நிறுத்தினால், அன்றே போன் நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டுக் குரல் கேட்காதவன் உங்கள் அறிவுரையையும் கேட்கமாட்டான்.

கைதி ஒருவரின் அக்கா: தம்பிக்கு உடம்பெல்லாம் அரிப்பு. களிம்பு போட்டும் திரும்ப வருகிறதாம் சார்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம் அம்மா, அங்குள்ள டாக்டர் பார்த்து உறுதி செய்யட்டும். தம்பிக்கு மட்டும் களிம்பு போட்டால் நிற்காது. முதல்முறை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தெரியாமலே பரப்புவார். அதனால் அந்த அறையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்போ ஐவர்மெக்டின் மாத்திரையோ தந்து, ஓரிரு வாரத்தில் இன்னொரு முறையும் தர வேண்டும். துணி, போர்வையை அன்றே வெந்நீரில் துவைக்கணும். முடியாவிட்டால் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்குக் குறையாமல் வைக்கணும். சிகிச்சை பலித்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரு வாசகர்: கைதிகள் மேல் கிருமிநாசினி அடித்தால்?

கூடாது. ஆளுக்குக் கேடு, பயனும் இல்லை.

வார்டர்: நோயாளியைத் தனியே வை என்று டாக்டர்கள் சொல்கிறீர்கள். தனி அறை என்று எங்களிடம் இருப்பதே தண்டனை செல்தான். வேறு எங்கே வைப்பது?

முன்னாள் கைதி (குறுக்கிட்டு): அந்த செல்லுக்குப் பயந்துதான் நாங்கள் இருமலை மறைத்தோம். ராத்திரி போர்வையை வாயில் திணித்துக்கொண்டு படுத்தவர்கள் உண்டு.

வார்டர்: மறைத்ததால்தானே எங்கள் ஆட்களுக்கும் ஒட்டியது? எங்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

முன்னாள் கைதி: சொன்னவனுக்கு என்ன கிடைத்தது? வேலை போச்சு, போன் போச்சு, திரும்பி வந்தால் படுக்கிற இடமும் போச்சு.

இருவர் சொல்வதும் உண்மை. மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இதற்குத்தான் நான் வந்தேன். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள், தொற்று உள்ளவரைத் தனியே வைத்து சிகிச்சை தரச் சொல்கின்றன. அதே விதிகள், மனிதத் தொடர்பின்றி நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைப்பதைத் தனிச்சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டி அப்படி வைக்கத் தடையும் விதிக்கின்றன. வார்டர் ஐயா, வேறு அறையே இல்லையென்றால் அதே அறையைப் பயன்படுத்துங்கள். ஆனால் உள்ளே நடப்பதை மாற்றுங்கள். மருத்துவரோ நர்சோ தினமும் வரவேண்டும். போன், புத்தகம், தனியாக முற்றத்தில் நடக்க நேரம் எல்லாம் தொடரவேண்டும். ஏன் வைத்திருக்கிறோம், எப்போது விடுவோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். மருந்துக்குக் கட்டுப்படும் டிபியானால், சரியான மருந்து தொடங்கிய பிறகு தொற்றும் தன்மை சீக்கிரமே குறைந்துவிடும். மாதக்கணக்கில் அடைத்துவைக்கக் காரணமில்லை. தனி அறைக்கு அனுப்புவதையும் வெளியே எடுப்பதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும், அதிகாரி அல்ல. திரும்பி வருகிறவருக்கு அவருடைய வேலையும் படுக்கையும் காத்திருக்க வேண்டும். அப்போது இருமல் தானாகவே உங்களிடம் வந்து சொல்லும். உங்கள் குழந்தைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

வார்டர்: எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் சார். ஆள் பற்றாக்குறைதான் இடிக்கிறது.

கேளுங்கள். உங்களுக்கும் டிபி பரிசோதனையும் தரமான என்95 மாஸ்க்கும் சேர்த்தே கேளுங்கள்.

ஆசிரியர் ஒருவர்: குற்றவாளிகளுக்கு நோய் வந்தால் நமக்கென்ன?

1750-இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், சிறையிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களிடமிருந்து டைபஸ் காய்ச்சல் பரவி, நகர மேயரும் நீதிபதிகளும் உட்படப் பலர் இறந்தார்கள். உடல் பேன் மூலம் அது பரவுவதை சார்ல் நிக்கோல் கண்டறிந்தது 1909-இல்தான். மேலும், உள்ளே இருப்பவர்களில் விசாரணைக் கைதிகளும் ஏராளம். அவர்கள் குற்றவாளிகள் என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை.

ஆய்வு மாணவர்: போதை ஊசி வழி பரவும் ஹெபடைடிஸ் சி?

உள்ளே ஊசி இல்லை என்று நடிப்பதை நிறுத்தினால் பாதி வேலை முடியும். போதை ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்தான மெத்தடோன் சிகிச்சை தரலாம். சுவிட்சர்லாந்தில் 1992-லேயே ஒரு சிறைக்குள் சுத்தமான சிரிஞ்சு கொடுத்தார்கள். இன்று 8 முதல் 12 வார மாத்திரையில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நான்கு சிறைகளில் பரவலாக இந்த மருந்தைத் தந்தபோது புதுத் தொற்று ஏறக்குறையப் பாதியானது.

சமூகப் பணியாளர்: டிபி மருந்து பாதியில் இருக்கும்போது விடுதலையாகிவிட்டால்?

அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. கோர்ட்டிலிருந்தே நேராக வீட்டுக்குப் போய்விடுவார்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம். அதனால் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே சிகிச்சை விவரக் கடிதம் ஒன்றும் சில வார மாத்திரையும் தயாராக இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் கடிதம் அவர் கையில் இருக்கவேண்டும். அவர் வீட்டுக்கு அருகிலுள்ள டிபி மையம் எது என்று முன்பே கேட்டு, அங்கே போன் செய்து பெயரைச் சொல்லிவையுங்கள்.