பில், தராசு, கமெரா: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மாங்குளம்): ஏ9 வீதியோரக் கடையொன்றில் 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 130 ரூபா எடுத்தார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ்" என்கிறார்கள். நுகர்வோர் சபைக்குப் பின்னால் அலைவதை விட, கமெராவோடு கடைகடையாக ஏறும் யூரியூப்பர் ஒருவரிடம் சொன்னால் ஒரே நாளில் முடியாதா?

பதில்: ஒரே நாளில் கடைக்காரர் மன்னிப்புக் கேட்பார். வீடியோவுக்கு ஆயிரம் லைக் விழும். அடுத்த கிழமை போத்தல் பழையபடி 130 ரூபாதான்.

தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வர்த்தமானியில் ஆகக்கூடிய சில்லறை விலை இருக்கிறது: 500 மி.லீ. 70 ரூபா, 1 லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, 5 லீற்றர் 350. குளிராக இருந்தாலும் சூடாக இருந்தாலும் அதே விலை. குளிரூட்டிக்கு மின்கட்டணம் கூடிவிட்டது என்பது கடைக்காரரின் உண்மையான கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அதைப் போத்தலின் தலையில் கட்ட முடியாது.

2021ஆம் ஆண்டு 20ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, இப்படி விற்ற தனியாள் கடைக்கு நீதவான் நீதிமன்றத்தில் குறைந்த தண்டமே 1 இலட்சம் ரூபா, கூடியது 5 இலட்சம். கொம்பனி என்றால் 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வரை. முந்திய காலத்து ஆயிரம் ரூபாத் தண்டத்தைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போன கதை முடிந்துவிட்டது.

இவ்வளவு பெரிய தண்டம் என்பதால்தான் சான்றும் உறுதியாக இருக்க வேண்டும். முதலில் பில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. திகதி, அளவு, விலை மூன்றும் அதில் இருக்க வேண்டும். பில் புத்தகம் இல்லாத பெட்டிக்கடை என்றால் வெள்ளைத்தாளில் எழுதி ஒப்பம் வைத்தாலும் போதும். பிறகு அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை உத்தியோகத்தர்களிடம் பில்லின் நகலோடு எழுத்தில் கொடுங்கள். கடையின் பெயர்ப்பலகையில் உள்ளபடி பெயர், எந்தச் சந்திக்கு அருகே, எத்தனை மணிக்கு வாங்கினீர்கள் என்பதைச் சேருங்கள். உத்தியோகத்தர் சாதாரண வாடிக்கையாளர் போல ஆளை அனுப்பி வாங்கிப் பார்த்துத்தான் வழக்குப் போடுவார். கமெராவோடு ஒருவர் முதலே போய்ச் சத்தம் போட்டுவிட்டால் கடைக்காரர் உஷாராகிவிடுவார், பரிசோதனை பிசகிவிடும். இதுதான் நடைமுறையில் அடிக்கடி கெடுகிற இடம்.

கச்சேரியில் ஆறு மாதம் தூங்கிய கோப்பைக் கமெரா எழுப்பினால் அது ஊடக வேலை. கடையில் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கேள்வி (துணுக்காய்): காலபோக நெல்லை வாங்க வரும் வியாபாரி, மூட்டைக்கு 2 கிலோ "கழிவு" என்று வெட்டுகிறார். எங்கள் எம்.பி. மேடையில் கிலோ 120 ரூபா என்று சொன்னார், வியாபாரி அதையும் தருவதில்லை. எங்கே முறைப்பாடு செய்வது?

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா. அது நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் விலை, அதுவும் 14 வீத ஈரப்பதனுக்கு உட்பட்ட, பதர் நீக்கிய நெல்லுக்கு. தனியார் வியாபாரி அந்த விலை கொடுக்காவிட்டால் குற்றமாகாது. மேடையில் இந்த இரண்டாம் பாதியைச் சொன்னால் கைதட்டல் குறையும், அதனால் சொல்வதில்லை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் இது பொது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டபோதும் இதே கதைதான். விலையை வர்த்தமானியில் எழுதலாம், அரிசியை எழுதி வரவழைக்க முடியாது. தனியாருக்கு இறக்குமதி அனுமதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தது.

ஆனால் 2 கிலோ கழிவு வேறு விடயம். வெறும் உரப்பையின் எடை 150 கிராமைத் தாண்டாது. சாக்கு என்றாலும் ஏறக்குறைய ஒரு கிலோதான். ஈரத்துக்காக வெட்டுகிறேன் என்றால் கணக்குக் கேளுங்கள். 70 கிலோ மூட்டை 16 வீத ஈரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். உலர்ந்த பகுதி 58.8 கிலோ. அதை 0.86 ஆல் வகுத்தால் 14 வீதத்தில் அந்த மூட்டை 68.4 கிலோ. நியாயமான கழிவு 1.6 கிலோ. 18 வீதம் என்றால் 3.3 கிலோ, அப்போது வியாபாரி 2 கிலோ வெட்டினால் உங்களுக்குத்தான் இலாபம். நன்றாகக் காயவைத்து 14க்குக் கொண்டுவந்த நெல்லில் 2 கிலோ வெட்டுவதுதான் அநியாயம். 100 மூட்டைக்கு 200 கிலோ, 120 ரூபாப்படி 24,000 ரூபா கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஈரமானியிலும் கவனம் வேண்டும். வெட்டுமெசினில் இருந்து இறக்கிய சூட்டோடு, அல்லது வெயிலில் கிடந்த பையில் அள்ளிப் போட்டால் காட்டும் அளவை நம்ப முடியாது. நெல் ஆறட்டும். மூட்டையின் வாயில் அள்ளாமல் நடுவில் குத்தூசி போட்டு எடுத்த நெல்லை மூன்று தடவை அளந்து சராசரி பாருங்கள்.

பிறகு தராசு. வியாபாரி கொண்டுவரும் இலத்திரனியல் தராசைச் சமதரையில், பலகை போட்டு வைக்கச் சொல்லுங்கள். மண் தரையில் ஒரு கால் புதைந்தால் எடை மாறும். வெறுந்தட்டில் 0.00 காட்ட வேண்டும், கழித்தல் குறியோடு எண் நின்றால் நிறுக்க விடாதீர்கள். வீட்டில் பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பை இருந்தால் அதுதான் உங்கள் படிக்கல். நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். 48 காட்டினால் மூட்டைக்கு ஏறக்குறைய 3 கிலோ போகிறது என்று அர்த்தம். மூட்டை தட்டைத் தாண்டி நிலத்திலோ லொறியிலோ முட்டிக்கொண்டிருந்தாலும் எடை குறைவாகவே வரும், மாலை அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை.

வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுக்கு வருடாவருடம் முத்திரை வேண்டும் (1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம்). அந்த முத்திரையின் ஆண்டைப் போனில் படம் எடுத்து, லொறி இலக்கத்தோடு, அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் மாவட்டப் பரிசோதகரிடம் கொடுங்கள். விற்கிற நீங்கள் சட்டப்படி நுகர்வோர் இல்லை, அதனால் 1977க்கு அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி (விசுவமடு): யூரியூப்பில் பிரபலமான ஒருவர் "ஏழே நாளில் வெள்ளை" என்று காட்டிய கிறீமை மகள் வாங்கிப் பூசினாள். முகம் எரிகிறது. வீடியோ போட்டவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: முதலில் கிறீமை நிறுத்தி, டப்பாவோடு வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். டப்பாவை வீசிவிடாதீர்கள். இப்படியான கிறீம்களில் பாதரசமோ, குளோபெற்றசோல், பெற்றாமெதசோன் போன்ற ஸ்ரெரொயிட்டோ இருப்பது புதிதில்லை. பாதரசம் சிறுநீரகம் வரை போகும். ஸ்ரெரொயிட் தோலை மெலிய வைக்கும், திடீரென்று விட்டால் இன்னும் சிவக்கும். அதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உறையில் "கலோமெல்" அல்லது "மேர்க்குரி" என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா பாருங்கள். "தங்க, வெள்ளி நகையில் படவிட வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் பாதரசத்தைச் சந்தேகியுங்கள்.

விற்றவர் மீது பிடி இருக்கிறது. அதே நுகர்வோர் சட்டத்தில் ஏமாற்றும் நடத்தைக்கு 30ஆம் பிரிவு, பொய்யான தரம் சொல்வதற்கு 31ஆம் பிரிவு. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி உறையில் இல்லையென்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். பழுதான பொருளுக்கான முறைப்பாடு வாங்கி 3 மாதத்துக்குள் போக வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கட்டவோ சபை உத்தரவிடலாம்.

வீடியோக்காரர் விடயம் சிக்கல். சட்டம் 2003இல் எழுதப்பட்டது, யூரியூப் பிறந்தது 2005இல். அவர் சொந்தக் கடையில் விற்றாலோ, வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்தாலோ அவரும் வியாபாரிதான். காசு வாங்கிக்கொண்டு "நானும் பாவிக்கிறன்" என்று மட்டும் சொன்னால் பிடிப்பது கடினம். சட்டத்தில் திருத்த வேண்டிய ஓட்டை இது. எதற்கும் வீடியோவின் இணைப்பு, திகதி, அவர் கொடுத்த தொலைபேசி இலக்கம் தெரியும்படி போன் திரையைப் படம் பிடித்து வையுங்கள். முறைப்பாடு போனதும் முதலில் மறைவது வீடியோதான்.

கேள்வி (பரந்தன்): பாவித்த போன் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐயை (போனின் அடையாள இலக்கம்), ஆங்கிலத்தில் அந்த நான்கு எழுத்தையும் அடித்து ஓர் இடைவெளி விட்டு எழுதி, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதியாத போனுக்கு 2025 ஜனவரி கடைசிக்குப் பிறகு சிம் வேலை செய்யாமல் போகலாம். இரண்டு சிம் போனில் இரண்டு இலக்கத்தையும் பாருங்கள். பெட்டியில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றாக இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி (கிளிநொச்சி): பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றித் தராத கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதலாமா? நிகழ்நிலைக் (ஒன்லைன்) காப்புச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: எழுதலாம். அவதூறு குற்றவியல் குற்றமாக இருந்தது 2002இல் நீக்கப்பட்டுவிட்டது, சிவில் வழக்கு மட்டும் மிச்சம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம்) பொய்க்கூற்று என்பதைத் தளர்வாக வரையறுத்து வைத்திருக்கிறது. எங்கள் பார்வையில் அது மோசமான சட்டம், அதிகாரத்தில் யார் இருந்தாலும் கைக்கு எட்டுகிற தடி. ஆனால் உண்மையை எழுதியவரை அதைக் காட்டி வாயடைக்க முடியாது. "வாங்கிய திகதி இது, விலை இது, கொம்பிறசர் பழுது என்று மூன்று முறை சொன்னேன், இந்தப் பதில் தந்தார்கள்" என்று எழுதுங்கள், பில்லில் உங்கள் முகவரியை மறைத்துப் படம் போடுங்கள். "கள்ளன்", "கூட்டுக்கொள்ளை" என்ற சொற்களை விடுங்கள். ஊழியரின் முகம் வேண்டாம். முகநூலில் எழுதியதால் முறைப்பாட்டுக்கான 3 மாதக் கணக்கு நிற்காது, ஆகவே முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): என் முறைப்பாட்டுக்குக் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் பதில் வந்திருக்கிறது.

பதில்: தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. மொழி உரிமை முறைப்பாட்டுக்கென்று அமைச்சு முன்பு அறிமுகப்படுத்திய தொலைபேசி இலக்கம் 1956. தனிச்சிங்களச் சட்டத்தின் ஆண்டையே தெரிந்தெடுத்தவர் சிரித்துக்கொண்டு தெரிவு செய்தாரோ என்னவோ. அந்தக் கடிதத்தின் நகலில் கோப்பு இலக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, "தமிழ்ப் பிரதி தேவை" என்று ஒரு வரி எழுதிப் பதிவுத்தபாலில் திருப்பி அனுப்புங்கள். தபால் துண்டைப் பழைய பில்லோடு ஒன்றாகக் குத்தி வையுங்கள். விசாரணைக்கு அழைக்கும் திகதி அந்தச் சிங்களக் கடிதத்திலேயே இருக்கக்கூடும், அதனால் தமிழ்ப் பிரதி வரும்வரை காத்திராமல் இன்றைக்கே யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.