சீனாய் மலைல ஏறுறது பெருசில்ல டீச்சர், இறங்குறதுதான்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 59 வயசு, ரிட்டயர்டு டீச்சர். ஜனவரில எங்க சபைல இருந்து எகிப்து வழியா ஹோலி லேண்ட் டூர் போறோம். அதுல சீனாய் மலைல ராத்திரியோட ராத்திரியா ஏறி சூரிய உதயம் பாக்குறதும் ஒண்ணு. எனக்கு ரெண்டு முட்டியிலயும் தேய்மானம், சுகருக்கு மாத்திரை போடுறேன். டூர்க்காரங்க ஒட்டகம் இருக்கு ஒண்ணும் கஷ்டமில்லன்றாங்க. வீட்டுக்காரர் "நீ ஓட்டல்ல படுத்துத் தூங்கு, நான் வீடியோ எடுத்துட்டு வாரேன்"னு சொல்றார். மோசே பத்துக் கட்டளை வாங்கின மலைன்னு ஞாயிறுபள்ளில பாட்டு பாடிப் பாடிக் கேட்ட மலை அக்கா. போகவா, வேண்டாமா? - பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: போங்க டீச்சர். ஆனா உச்சிக்குப் போயே தீரணும்னு வைராக்கியம் வச்சுக்காம போங்க. எங்க நிறுத்தணும்ங்கிறத இங்க ஊர்ல வச்சே முடிவு பண்ணிட்டுப் போங்க, அங்க போய் முன்னால பின்னால ஆளுங்க ஏறிட்டு இருக்கும்போது யாருக்கும் நிதானமா முடிவெடுக்க வராது, எனக்கும் வரல.

மொதல்ல இந்த "ஒண்ணும் கஷ்டமில்ல"ன்றத பாப்போம். எங்களைக் கூட்டிட்டுப் போன டூர்க்காரரும் இதையேதான் சொன்னார், "சும்மா ஒரு சின்ன ஏத்தம்மா"ன்னு, அவர் பஸ்லயே கம்பளி போத்திட்டுத் தூங்கிட்டார்ங்கிறது வேற கதை. மலை உயரம் 2,285 மீட்டர். அடிவாரத்துல இருக்குற செயின்ட் கேத்தரின் மடமே ஏறக்குறைய 1,550 மீட்டர்ல இருக்கு, அப்ப நீங்க கால்ல ஏறுறது 700 மீட்டர் சொச்சம். உச்சி கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம்தான், அதனால மூச்சு கிடைக்காமப் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். ஆனா பாலைவனம்னா சுடும்னு நினைச்சு எங்க குரூப்ல ஒரு அம்மா காட்டன் சேலையும் ஒரு சால்வையுமா வந்துட்டாங்க, நல்லா மாட்டிக்கிட்டாங்க. ஜனவரி ராத்திரி அங்க பூஜ்யத்துக்குக் கீழயும் போகும், பனிகூட விழும். உள்ளுக்குள்ள தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்துப் புகாத ஜாக்கெட், மங்கி கேப், கிளவுஸ், ரெண்டு ஜோடி சாக்ஸ். மங்கி கேப் போட்டா போட்டோல நல்லா இருக்காதுன்னு யோசிக்காதீங்க, அங்க எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க.

வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு 3,750 படி, முன்னாடி காலத்துல துறவிங்க போட்ட கல்லுப் படி, மனந்திரும்புதலின் படிகள்னு பேரு. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க, இருட்டுல அது உங்களுக்கு இல்ல. இன்னொண்ணு ஒட்டகப் பாதை, 19-ம் நூற்றாண்டுல எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா போட்டது, வளைஞ்சு வளைஞ்சு போகும், சரிவு கம்மி. ராத்திரி 1 மணி 2 மணிக்கு கிளம்புவாங்க, மேல போக ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும். கூட அந்தப் பாலைவனத்துல வாழ்ற பெதூயின் வழிகாட்டி ஒருத்தர் கட்டாயம் வருவார், ஜெபலியான்ற பழங்குடி ஆளுங்க. அந்த மடத்தை ஜஸ்டினியன் ராஜா 6-ம் நூற்றாண்டுல கட்டினப்போ காவலுக்கும் வேலைக்கும் அனுப்பின ஆளுங்களோட வாரிசுங்கன்னு அவங்க சொல்லிக்குவாங்க. அவருக்குக் கையில ஏதாவது குடுத்துட்டு வாங்க.

ஒட்டகம் பத்தி. எங்க பாத்தாலும் இருட்டுக்குள்ள இருந்து "கேமல், கேமல்"னு குரல் வந்துட்டே இருக்கும், ஒட்டகம் வர்ற சத்தமே கேக்காது, திரும்புனா தோளுக்குப் பக்கத்துல ஒரு பெரிய மூஞ்சி பெருமூச்சு விட்டுட்டு நிக்கும், நான் ஒருதடவை "ஏசுவே"ன்னு கத்தியே போட்டேன். ஏறி உக்காந்ததும் அது பின்னங்காலைத்தான் மொதல்ல தூக்கும், அப்ப நீங்க முன்னால குப்புற விழற மாதிரி போவீங்க, அதனால பின்னால நல்லா சாஞ்சு முன்னாடி இருக்குற கட்டையை இறுக்கிப் பிடிங்க. உக்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்பவும் அதே கதை, அப்பவும் பின்னாலதான் சாயணும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, நடக்குறவங்களுக்கு உடம்பு சூடாகும், ஒட்டகத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு ஆகாது, ஒரு மணி நேரத்துல காலு மரத்துடும். நடந்து போறவங்களைவிட நீங்க ஒரு துணி கூடுதலா போட்டிருக்கணும். விலையை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

இப்ப முக்கியமானது. ஒட்டகம் உச்சி வரைக்கும் போகாது. ஒரு இடத்துல நின்னுடும், அங்க இருந்து 750 படி நீங்களேதான் ஏறணும். உங்க வீட்டு மொட்டை மாடிக்கு 20 படின்னு வச்சுக்கிட்டா 37, 38 தடவை மாடி ஏறுற கணக்கு, அதுவும் சமமான படி இல்ல, சிலது அரையடி, சிலது முட்டி உயரம், கைப்பிடி கிடையாது. ஏறக்கூட ஏறிடுவீங்க டீச்சர், மூச்சு வாங்கும், உக்காந்து உக்காந்து போயிடலாம். தேய்ஞ்ச முட்டிக்கு எமன் இறங்குறதுதான். ஏறும்போது ஜெபம் பண்ணிக்கிட்டே உற்சாகமா ஏறின ஒரு அங்கிள் இறங்கும்போது ஒவ்வொரு படியா பின்பக்கமா திரும்பி, குழந்தைங்க கட்டில்ல இருந்து இறங்குற மாதிரி இறங்கினத நான் பாத்தேன்.

அதனால இன்னைல இருந்து மாடிப்படில இறங்கிப் பழகுங்க. எலும்பு டாக்டரைப் பாத்து இந்த 750 படி கணக்கை அப்படியே சொல்லிக் கேளுங்க, சுகர் மாத்திரையை ராத்திரி முழுக்க நடக்குற அன்னைக்கு எப்படிப் போடுறதுன்னும் கேட்டுக்கோங்க. பையில கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும். மடக்குற வாக்கிங் ஸ்டிக் ரெண்டு வாங்கி பெரிய பெட்டில வைங்க, கைப்பையில வச்சா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. டார்ச் தலைல மாட்டுறதா வாங்குங்க, ரெண்டு கையும் ஃப்ரீயா வேணும்.

டாக்டர் வேண்டாம்னு சொன்னாருன்னா ஒட்டகம் நிக்குற இடத்தோட நிறுத்திடுங்க. அது ஒண்ணும் தோத்துப் போன இடம் இல்ல. பக்கத்துலயேதான் எலியா தீர்க்கதரிசி தங்கின இடம்னு சொல்ற பள்ளம், பைபிள்ல 1 இராஜாக்கள் 19 எடுத்து வாசிங்க, காத்தும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் போனப்புறம் அமர்ந்த மெல்லிய சத்தம் வந்ததுன்னு வருதே, அந்த அதிகாரத்தை அங்க உக்காந்து வாசிக்கிறதுக்காகவே நான் இன்னொரு தடவை போவேன். சின்னச் சின்ன கல்லு டீக்கடை இருக்கும், வாடகைக்குக் கம்பளி தருவாங்க, சர்க்கரை அள்ளிப் போட்ட பெதூயின் டீ கிடைக்கும் (உங்களுக்கு வேண்டாம், சர்க்கரை இல்லாம கேளுங்க). கிழக்கு வெளுக்குறதும் மொட்டைக் கல்லு மலைங்க ஒண்ணொண்ணா சாம்பல்ல இருந்து சிவப்புக்கு மாறுறதும் அங்க இருந்தே தெரியும். உச்சில என்ன இருக்குன்னா 1934-ல கட்டின ஒரு சின்ன சேப்பல், ஒரு சின்ன மசூதி, ஏன்னா முஸ்லிம்களுக்கும் இது மூசா நபி (நம்ம மோசேதான்) மலை, அப்புறம் நிக்க இடமில்லாத கூட்டம். சீக்கிரமா போயிட்டா விடியுற வரைக்கும் அந்தக் காத்துல நடுங்கிட்டுதான் நிக்கணும், ஜனவரில சூரியன் வர 6.30 ஆயிடும். உண்மையைச் சொல்லணும்னா அந்த ராத்திரியில எனக்கு மனசுல நின்னது சூரியன் இல்ல, வர்ற வழில டார்ச்சை அணைச்சுட்டுப் பாத்த நட்சத்திரம்தான், அதுக்கு உச்சிக்குப் போக வேண்டியதே இல்ல.

இன்னொண்ணும் சொல்றேன். 4-ம் நூற்றாண்டு கடைசில எகேரியான்னு ஒரு பொம்பளை ரொம்ப தூரத்துல இருந்து வந்து இந்த மலை ஏறி பயணக் குறிப்பு எழுதி வச்சிருக்காங்க, சேணத்துல உக்காந்து ஏற முடியாது, நடந்தேதான் ஏறினேன்னு. அவங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது காலைல 10 மணி வாக்குல. சூரிய உதயம் கட்டாயம்னு எங்கயும் எழுதி இல்ல டீச்சர்.

கீழ இறங்கினதும் களைப்புல பஸ்ல ஏறிடாதீங்க, மடத்தைப் பாக்காம வராதீங்க. கடவுள் மோசேகிட்ட பேசின எரியுற முட்செடின்னு காட்டுற செடி, மோசே தன் பொண்டாட்டி சிப்போராளை மொதல்ல பாத்த கிணறுன்னு சொல்ற கிணறு எல்லாம் உள்ளதான். காலைல கொஞ்ச நேரம்தான் திறப்பாங்க, வெள்ளியும் ஞாயிறும் பொதுவா கிடையாது, உங்க ப்ரோகிராம்ல அந்த நாள் எந்தக் கிழமைன்னு இப்பவே டூர்க்காரங்ககிட்ட கேட்டுடுங்க. பாஸ்போர்ட்டை ஓட்டல்ல வச்சுட்டுப் போகாதீங்க, வழி நெடுக செக்போஸ்ட்.

அப்புறம் உங்க வீட்டுக்காரர் வீடியோ. குளிர்ல போன் சார்ஜ் மளமளன்னு இறங்கும், உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சிருக்கணும், எங்க வீட்டுக்காரர் கைலயே வச்சுட்டு நடந்தார், சூரியன் வர அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அணைஞ்சு போச்சு. ஊருக்கு வந்து பாத்தா முக்கால் மணி நேர வீடியோ, முழுக்க இருட்டு, நடுவுல யாரோ ஒருத்தரோட ஷூ.