மீனை விட்டீர்கள், கருவாட்டை விடவில்லையே அம்மா!

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 57 வயது. இராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி பக்கம் ஊர். ஆறு வருஷமாகச் சர்க்கரை, மூன்று வருஷமாகப் பிரஷர். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8 என்று வந்ததிலிருந்து மகள் மீன் குழம்பை நிறுத்திவிட்டாள். ரசம் சோறு, கருவாடு ஒரு துண்டு, அப்பளம் என்று ஓடுகிறது. சீனியை விட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறிவிட்டேன். அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரரும் ரயிலில் காசிக்குப் போகிறோம். போகவர எல்லாச் சாப்பாட்டையும் கட்டி எடுத்துக்கொள்ளலாமா, அங்கே கிடைப்பதைத் தைரியமாகச் சாப்பிடலாமா? மீன்தான் எனக்கு உயிர். எப்படியும் ஆகாது என்றால் காசியிலேயே அதை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னொன்று. போன கோடையில் ஈரோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தபோது சூரை மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு. “கடல் மீன் எங்களுக்கு ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் இருக்குமா?

பதில்: அம்மா, கடிதத்தைப் படித்ததும் உங்கள் மகளிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று தோன்றியது. திட்டுவதற்கு இல்லை, உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் செய்திருக்கிறார். ஆனால் சர்க்கரையை ஏற்றாத ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்றுகிறதை எல்லாம் அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்.

மீனில் மாவுச்சத்து கிடையாது. குழம்பில் இருக்கும் புளி, மிளகாய், தக்காளி, கொஞ்சம் தேங்காய் இவற்றாலும் உங்கள் சர்க்கரை 7.8-க்குப் போயிருக்காது. ஏற்றுவது சோறு. ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது ஒன்பது டீஸ்பூன் சீனிக்குச் சமம். மீன் இருந்த காலத்தில் முள் எடுத்து, சதை பிய்த்து, மெதுவாகச் சாப்பிட்டிருப்பீர்கள். இரண்டு கரண்டிச் சோற்றில் வயிறு நிறைந்திருக்கும். ரசம் சோறு அப்படி இல்லை, மெல்லாமலே இறங்கிவிடும். தொட்டுக்கொள்ள ஒரு துண்டுக் கருவாடும் அப்பளமும்தான் என்பதால் மூன்றாவது கரண்டி, நான்காவது கரண்டி என்று கை தானாகப் போகும். இன்றைக்கு மத்தியானம் எத்தனை கரண்டி என்று மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவாடும் அப்பளமும் சர்க்கரைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாடு என்பதே உப்பில் கிடந்து காய்ந்த மீன்தானே! பச்சை மீன் பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, ‘மீன் ஆகாது’ என்று தினமும் கருவாடு சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. எப்போதாவது, நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் சாப்பிடுங்கள்.

கருப்பட்டி விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களிடம் பேசுவதே கஷ்டம். பனைமரம் நம் பெருமை, சரி. ஆனாலும் கருப்பட்டியும் சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம், ரத்தத்தில் ஏறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பதநீரும் தொதல் அல்வாவும் அதே கணக்குத்தான். இளநுங்கு இரண்டு மூன்று சாப்பிடுங்கள், பரவாயில்லை. காபியை ஒன்றும் போடாமல் குடித்துப் பழகுங்கள். சில வாரங்களில் நாக்கு அடங்கிவிடும்.

ஆக, மீன் குழம்பை இந்த வாரமே திரும்பக் கொண்டுவாருங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தது வேண்டாம், குழம்போ அவியலோ போதும். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. மலிவாகக் கிடைக்கும் சாளையில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இன்னும் அதிகம். காரத்தைக் கண்டும் பயம் வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் நெஞ்செரிச்சல்காரர்களைத்தான் படுத்தும், சர்க்கரையை ஏற்றாது. தட்டில் பாதி காயும் கீரையும் வரட்டும். உண்மையில் நம் கடற்கரைச் சாப்பாட்டில் குறை என்றால் அதுதான்: மீன் இருந்தால் காய் எதற்கு என்பார்கள். வேலியோரம் முருங்கை நிற்கும், கீரையை ஆடு தின்னும். தட்டில் கால் பங்கு மீன், மீதிக் கால் பங்கு சோறு. முதலில் கீரையும் மீனும், அப்புறம் சோறு. இந்த வரிசை மாற்றமே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைக்கும். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிஷம் நடந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். அதில் கோளாறு இருந்தால் மீனின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி காசி. இராமநாதபுரத்தில் ஏறினால் இரண்டு நாளுக்கும் மேலே ரயிலில்தான். அத்தனை நாளைக்கும் சாப்பாடு கட்டுவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். எனக்கோ அதுதான் பயமாக இருக்கிறது. வடித்த சோற்றை வெக்கையில் மணிக்கணக்கில் வைத்தால் ஒரு வகைக் கிருமி அதில் பெருகி நஞ்சைக் கக்கும். திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. புளியோதரையும், எண்ணெயும் பொடியும் தடவிய இட்லியும் முதல் நாளைக்கு மட்டும். தயிர்சாதம், தேங்காய்ச் சட்னி, அவித்த முட்டை வேண்டாம். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள். இரண்டாம் நாள் முதல் ஆவி பறக்கக் கிடைப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். தண்ணீர் மட்டும் மூடி உடையாத பாட்டில். உப்புத் தண்ணீருக்குப் பயந்து குடம் குடமாகக் குடிதண்ணீரை விலை கொடுத்து வாங்கும் ஊர்க்காரர் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைவிட மாத்திரை நேரத்தில்தான் எனக்குக் கவலை. கிளிமிபிரைட் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். ரயிலில் டிபன் வர ஒன்பது மணியானால் மாத்திரையும் ஒன்பது மணிக்குத்தான். தட்டு கைக்கு வந்தபிறகு போடுங்கள். காசியில் தர்ப்பணம், பிண்டம் என்று மத்தியானம் வரை வெறும் வயிற்றில் உட்கார வேண்டிவரும். வழக்கம்போல் விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தீர்களானால், மந்திரத்தின் நடுவே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். ஐயருக்கும் புரியாது, வீட்டுக்காரருக்கும் புரியாது. வெயில் என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஒரு நாளைக்கு எந்த மாத்திரை, எப்போது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். மேலே சொன்ன அறிகுறி வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் சாப்பாடு. குளுக்கோஸ் கைவசம் இல்லையென்றால் உங்கள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நல்ல இடம் உண்டென்றால் அது இதுதான். ஆள் மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. இதை வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள்.

காசியில் தமிழ்ச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, அனுமான் காட் பக்கம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் அத்தனை தூரம் போய் தினமும் இட்லியே சாப்பிட்டுவிட்டு வந்தால் நான் கோபித்துக்கொள்வேன். காலையில் சந்துக்குச் சந்து கச்சோரி பொரிப்பார்கள். எண்ணெயிலிருந்து எடுத்துக் கண் முன்னால் தட்டில் போட்டு, மேலே கொதிக்கிற உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றுவார்கள். உங்கள் வயிற்றுக்கு அதில் ஆபத்து குறைவு. அந்தச் சூட்டில் கிருமி தங்காது. ஆபத்து பக்கத்துக் கிண்ணத்துப் பச்சைச் சட்னியிலும், பானிபூரித் தண்ணீரிலும், நறுக்கி வைத்த பழத்திலும், ஐஸ் போட்ட ஜூஸிலும் இருக்கிறது. அவற்றைத் தொடாதீர்கள்.

சர்க்கரைக்கு ஒரு வழி: புதிதாக எதைச் சாப்பிட்டாலும் வேறொன்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். இரண்டு கச்சோரி என்றால் அதுதான் காலை டிபன், அதன்மேல் இட்லி கிடையாது. ஜிலேபி சூடாக ஒன்று, அதுவும் வீட்டுக்காரரோடு பாதி. மண் குவளை லஸ்ஸியில் மேலே ஆடை மிதக்கும், அடியில் சீனி கிடக்கும். ஒரு குவளையை இருவருக்கும் வாங்கி ருசி பாருங்கள். ராத்திரிக்கு ரொட்டி, பருப்பு, காய் கேட்டுச் சாப்பிட்டால் ஊரில் சாப்பிடுவதைவிட நன்றாகவே இருக்கும். படித்துறைகளில் ஏறி இறங்குகிற நடை வேறு இருக்கிறது. திரும்பி வரும்போது சர்க்கரை குறைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சொன்னால் மனம் கோணக் கூடாது: கங்கையில் முங்குங்கள், தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், உள்ளுக்குக் குடிக்க வேண்டாம். ஒரு வாய்கூட. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய பாக்கெட் ஓஆர்எஸ் தூளைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்; இனிப்பு ஜூஸ் அதற்கு ஈடு ஆகாது. ஓயாமல் போனாலோ வாந்தி எடுத்தாலோ அது அடங்கும்வரை மெட்ஃபார்மினை நிறுத்தி வையுங்கள். சாப்பிட முடியாத வேளையில் கிளிமிபிரைடும் வேண்டாம். காய்ச்சல், ரத்தம், சிறுநீர் குறைவது, ஒரு நாளுக்குமேல் நீடிப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

மீனைக் காசியில் விடுவது பற்றி. வழக்கப்படி அங்கே விடுவது ஒரு காயும் ஒரு பழமும். நம் ஆட்கள் அதிலும் கெட்டிக்காரர்கள். எப்போதும் தொடாத பாகற்காயை விட்டுவிட்டு, புண்ணியத்தோடு திரும்பி வருவார்கள். பிடித்ததை விடுவதுதான் முறை என்று உங்களுக்கு மனசில் இருந்தால் அப்பளத்தை விடுங்கள், காபிக்கு இனிப்பை விடுங்கள். மீனையும் கீரையையும் என் பேரைச் சொல்லியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சம்பந்தி வீட்டுக் கதை. ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முகம் சிவந்தது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் பேசிவைத்தாற்போல ஒவ்வாமை வருமா? சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களைப் பிடித்தபின் ஐஸ் இல்லாமல் வைத்தால், சதையில் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். ஒவ்வாமை வந்தால் நம் உடம்பு சுரக்குமே, அதே பொருள். அது மீனிலேயே இருந்தால் சாப்பிட்ட யாருக்கும் முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. வஞ்சகம் என்னவென்றால், பார்க்கவும் முகரவும் மீன் நன்றாகவே இருக்கும். ஒரே மீனில் ஒரு துண்டில் அதிகமாகவும் இன்னொரு துண்டில் குறைவாகவும் இருக்கும் என்பதால் வீட்டில் மற்றவர்கள் தப்பித்திருக்கலாம். பொதுவாகச் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். மூச்சுத் திணறலோ, தொண்டை அடைப்போ, தலைசுற்றி விழுவதோ இருந்தால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

கோடை என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நம் சந்தையிலேயே வெளியூர் மீன், பல கை மாறி வந்த மீன் நிறைய இருக்கும். வெயிலில் சாக்கின்மேல் கிடக்கும் சூரையை எந்த மாதத்திலும் வாங்க வேண்டாம். ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், வாங்கியதும் ஒரு பையில் ஐஸோடு வீட்டுக்கு வர வேண்டும். வந்ததும் வெட்டிச் சமைத்துவிடுங்கள். ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடுப்படி ஓரத்தில் வைக்காதீர்கள்.

சம்பந்தியம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அதற்கு முன்னும் பின்னும் ஈரோட்டில் மீன் சாப்பிட்டு ஏதாவது ஆனதா? ஒன்றும் ஆகவில்லை என்றால் கடல் மீனுக்கும் அவர்களுக்கும் பகை இல்லை. ஒவ்வொரு தடவையும் தடிப்பு தடிப்பாக வருகிறது, அல்லது இறாலும் நண்டும் சாப்பிட்டாலும் வருகிறது என்றால் முதலில் அவர்கள் ஊரில் ஒவ்வாமைக்குப் பார்த்துவிட்டு வரட்டும். பகை இல்லை என்று தெரிந்தால் அடுத்த தடவை நாட்டுப்படகில் அன்றைக்கு வந்த விளமீனை வாங்கி, தேங்காய்ப்பால் அதிகம் போடாமல் குழம்பு வையுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.