பழைய ஃபோக்கஸில் சூடாகும் முன்கண்ணாடி: சுவிட்ச் இணைப்பு பற்றி

வணக்கம். உங்கள் 2003 ஃபோர்டு ஃபோக்கஸின் முன்கண்ணாடி கல் பட்டு விரிசல் விட்டதால், மாற்றும்போதே சூடாகும் கண்ணாடியைப் போட்டு, அதைப் பின்கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்சோடு இணைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடி பொருந்தும், பிரிட்டனில் அதே மாடலுக்கு ஃபோர்டே இவ்வசதியைத் தந்திருக்கிறது. ஆனால், அந்தச் சுவிட்சோடு இணைக்கவே வேண்டாம்; இவ்வளவு மின்சாரத்துக்கு அது ஏற்றதல்ல.

இரு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே, முடியிழையைவிட மெல்லிய கம்பிகள் இடப்பாதி, வலப்பாதி என இரண்டு சுற்றுகளாக ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 50 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் 600 வாட் இழுக்கும் என்பதால், ஒவ்வொரு பாதிக்கும் தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த ஒயர் ஆகியவை கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இயங்கி, நான்கைந்து நிமிடங்களில் தானாக அணையும்படி டைமரும் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலக் காலையில் பேட்டரி படுத்துவிடும். பழைய கார் உடைக்கும் இடத்தில் அதே மாடலின் ஒயர்த் தொகுப்பு கிடைத்தால், என் கணிப்பில் அதுவே மலிவு.

கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரால் ஒவ்வொரு பாதியின் மின்தடையையும் அளந்துவிடுங்கள். அரை ஓம் அளவில் காட்ட வேண்டும்.