தாத்தாவின் திருமணமும் வீட்டுப் பத்திரமும்

கேள்வி: எனக்கு வயது 29, பெங்களூரில் வேலை பார்க்கிறேன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வுபெற்ற என் தாத்தாவுக்கு (அப்பாவின் அப்பா) வயது 73. அப்பாயி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் அவர் 64 வயதான ஓர் அம்மையாரை வீட்டிலேயே மாலை மாற்றி மணக்கப் போகிறார். அந்த அம்மையாரின் மறைந்த கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மாதம் சுமார் 16,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சேலத்தில் ஒரு மகள் இருக்கிறார். தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை, அப்பாயி மறைந்த பிறகு, அப்பாவுக்கும் அத்தைக்கும் சமமாக உயில் எழுதியிருக்கிறார். திருமணம் நடந்தால் உயில் செல்லாது என்கிறார் அத்தை. வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்தால்தான் திருமணத்துக்கு வருவேன் என்கிறார் அப்பா. பதிவு செய்யாமல் விட்டால் அந்த ஓய்வூதியமும் நிற்காது என்று சில உறவினர்கள் யோசனை சொல்கிறார்கள். நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஒரு லட்ச ரூபாய்க்கு நகை வாங்கித் தரலாமா? அப்பாவிடம் என்ன சொல்வது?

பதில்: உங்கள் குடும்பத்தில் எல்லோருடைய கவலையும் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் இந்தத் திருமணத்தால் முதலில் பணத்தை இழக்கப் போகிறவர் உங்கள் அப்பாவும் அல்ல, அத்தையும் அல்ல, அந்த அம்மையார்தான். கணவரை இழந்தவருக்குத் தரப்படும் குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். மாதம் 16,000 ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்பதை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

பதிவு செய்யாமல் விடலாம் என்ற யோசனையை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்று மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். அப்படியிருக்க, பதிவு இல்லாததால் அவர் மறுமணம் செய்யாதவராகிவிட மாட்டார். ஆண்டுதோறும் நேர்காணலின்போது மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவர் உறுதிமொழி தர வேண்டியிருக்கும். அது பொய்யென்று தெரிய வந்தால் மறுமணத்துக்குப் பின் பெற்ற தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்த நேரிடும். அறுபது வயதைக் கடந்த ஒருவரை அந்த நிலையில் நிறுத்துவது எவ்வகையிலும் நியாயமல்ல. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பதிவுச் சான்றிதழ் அவருக்கு வேறொரு காரணத்தாலும் மிக முக்கியம். ஓய்வுபெற்ற பிறகு மணந்துகொண்ட துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. ரயில்வே ஓய்வூதியருக்கும் அது பொருந்தும். தாத்தாவின் அடிப்படை ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். எடுத்துக்காட்டாக அவருக்கு அடிப்படை 26,000 ரூபாய் என்றால், அவர் காலத்துக்குப் பின் அம்மையாருக்கு 15,600 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் கிடைக்கும். ஏறத்தாழ இழந்த தொகை திரும்பி வருகிறது. ஆனால் அவர் பெயர் ஓய்வூதிய ஆணையில் ஏறியிருந்தால்தான் அது சிக்கலின்றி நடக்கும். திருமணம் முடிந்ததும் சான்றிதழையும் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தையும் இணைத்து, தாத்தா ஓய்வுபெற்ற அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். ரயில்வே மருத்துவ அட்டையிலும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். துணையை இழந்த பிறகு இந்தத் தாள்களுக்காக ஒரு முதிய பெண் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எத்தனை கொடுமை என்பதை நான் பார்த்திருக்கிறேன். தாத்தா இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

இனி வீடு. அத்தை சொல்வது கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். அவர்கள் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். இந்துக்கள் எழுதிய உயிலை இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. எனவே தாத்தாவின் உயில் அப்படியே நிற்கும். உயிலே இல்லாதிருந்தால்தான் வீடு மனைவி, மகன், மகள் என்று மூன்று சம பங்காகும். அவ்வாறு அம்மையாருக்குப் போகும் பங்கு, அவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மகளுக்கே சேரும். உங்கள் அப்பாவுக்கு வராது. அப்பாவின் பயம் ஆதாரமற்றதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் பழைய உயிலை அப்படியே விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் அம்மையாருக்கு ஓர் அறைகூட இல்லை. தாத்தா இறந்த மறுமாதமே அவரை வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியும் என்ற நிலை வரும், அவரும் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடர நேரிடும். ஆகவே தாத்தா புதிய உயில் ஒன்றை எழுதுவதே நல்லது: வீட்டின் உரிமை மகனுக்கும் மகளுக்கும் சமமாக, அதில் ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமை மட்டும் மனைவிக்கு. இதைத் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரே எழுத வேண்டும். ஏனெனில், மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தரப்பட்டது என்று கொள்ள இடமிருந்தால், 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, வரையறுக்கப்பட்ட அந்த உரிமை முழு உரிமையாகவே மாறிவிடக்கூடும். சாட்சிகள் இருவரும் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கட்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்பா, அத்தை, அம்மையார், அவருடைய மகள் ஆகிய நால்வரிடமும் தாத்தா தன் வாயாலேயே திருமணத்துக்கு முன் சொல்லிவிடட்டும்.

வீட்டை இப்போதே எழுதி வாங்கும் அப்பாவின் திட்டத்தை நான் ஏற்கவில்லை. செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் செலவு குறைவுதான். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. 73 வயதில் தன் சொந்த வீட்டில் பிள்ளைகளின் தயவில் இருக்கும் நிலைக்கு எவரையும் தள்ளக் கூடாது, அதுவும் ஒரு திருமணத்துக்கு வருவதற்கான விலையாக.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று அப்பாயியின் நகைகள். அவர் உயில் எழுதியிருக்காவிட்டால், அவை தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் சம பங்காகச் சேர்ந்தவை. திருமணத்துக்கு முன்பே எடை போட்டு, பட்டியலிட்டு, பிரித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அந்த நகைகளில் ஒன்றை அம்மையார் கழுத்தில் பார்த்து அத்தை மனம் நோகும் நிலை வர வேண்டாம்.

உங்கள் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. தாத்தாவுக்குத் தந்தாலும் அம்மையாருக்குத் தந்தாலும் இல்லை. நகையைவிட, அந்த ஒரு லட்சத்தை அம்மையார் பெயரில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் செய்வதையே நான் விரும்புவேன். 8.2 சதவீத வட்டியில் கணக்கிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 2,050 ரூபாய் அவர் கையில் கிடைக்கும். போடும் நாளில் உள்ள வட்டி விகிதம் ஐந்து ஆண்டுக்கும் மாறாது. தன் வருமானத்தை விட்டுவிட்டு வருபவருக்கு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்கச் சிறு தொகை ஒன்று வேண்டும்.

அப்பா வரத் தயங்கினாலும் நீங்கள் கட்டாயம் போங்கள். திருமணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துத் தேவைப்படும். அதில் ஒன்றை நீங்கள் போடலாமா என்று தாத்தாவிடம் இப்போதே கேளுங்கள், ஆதார் அட்டையையும் அதன் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.