முதல் கணக்கை அப்பாவிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. திருப்பாதிரிப்புலியூரில் வீடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் ரிலேஷன்ஷிப் மேனேஜராக ஏழு வருடமாக வேலை. டார்கெட் தொல்லை தாங்கவில்லை. சி.எஃப்.பி. என்ற நிதித் திட்டமிடல் சான்றிதழுக்குப் படித்து, தனியாக நிதி ஆலோசகராகலாம் என்று ஆசை. மனைவி சரி என்கிறாள். நிலையான சம்பளத்தை விடாதே என்கிறார் அம்மா. எனக்கு இது புதிதல்ல, வீட்டில் பண விஷயம் எல்லாம் என் பொறுப்புதான். அப்பா சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றபோது வந்த 12 லட்சத்தில், வருடம் 2 லட்சம் கட்டும், காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசிகூட 2024 மார்ச்சில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதம் கிளைக்கும் உதவியாக இருந்தது. இந்த வயதில் படிக்கலாமா? கடலூரில் இதற்கு எதிர்காலம் உண்டா?

பதில்: படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை தம்பி. 33 ஒரு வயதே இல்லை. முதலீடு ஒரு தாள், ஓய்வுக்காலமும் வரியும் ஒரு தாள், காப்பீடும் வாரிசுச் சொத்தும் ஒரு தாள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு முழுத் திட்டம் போட வேண்டும். வேலை அனுபவமும் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் முதலீட்டு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க முடியாது. அதற்கு 2013 விதிகளின்படி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்ய வேண்டும், அதன் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளும் எழுத வேண்டும். ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணத்தையும் விற்பனைக் கமிஷனையும் சேர்த்து வாங்கக் கூடாது. கடலூரில் ஆள் வருவார்களா என்ற கவலையும் வேண்டாம். நெய்வேலியிலும் சிப்காட்டிலும் ஓய்வு பெற்று, கையில் மொத்தமாகப் பணத்தை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர்தான். அவர் கேட்ட ஆள் நீங்கள்.

'அந்த மாதம் கிளைக்கும் உதவியாக இருந்தது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வருடக் கணக்கு முடியும் மார்ச் மாதத்தில், டார்கெட்டை எட்ட வங்கிக் கிளைக்கு எது உதவி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவுக்கு எது உதவி என்று அன்றைக்கு யார் யோசித்தது?

பாலிசி ஃபைலை எடுங்கள். அதில் பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன் என்று ஒரு தாள் இருக்கும். 4 சதவீதம் வளர்ந்தால் இவ்வளவு, 8 சதவீதம் வளர்ந்தால் இவ்வளவு என்று இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். இரண்டுமே அனுமானம்தான், உத்தரவாதம் கிடையாது. கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கும். படித்துப் பார்த்தா போட்டார்? மகன் நீட்டினான், போட்டார். அதே மார்ச்சில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த 12 லட்சத்தையும் அதில் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் அவர் கணக்கில் வந்திருக்கும். மருந்துக் கடைக்குப் போகும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நீங்கள் கொடுத்த பாலிசியில் ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது. ஐந்து பிரீமியம் கட்டினால் 10 லட்சம் போய்விடும். சம்பளம் நின்றுபோன மனிதரின் கையில் மிச்சம் 2 லட்சம். போதாததற்கு, அந்த வயதில் ஆயுள் காப்பீட்டுக்கான கட்டணமும் அதிகம். மாதாமாதம் அவர் பணத்தில் வாங்கிய முதலீட்டு யூனிட்டுகளில் இருந்துதான் அதைக் கழிப்பார்கள்.

டார்கெட் அழுத்தம் என்பீர்கள். உங்கள் மேனேஜருக்குச் சொல்ல அது போதும். பெற்றவருக்குச் சொல்ல அது போதாது. அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் மகன் கையில் இருக்கும்வரை அது அடைக்கலப் பொருள், அதற்கு மகன் கணக்கு சொல்லியே தீர வேண்டும். கேட்கத் தெரியாத அப்பாவாக இருந்தால் இன்னும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் நலனே முதலில் என்பதுதான் நீங்கள் படிக்க விரும்பும் சி.எஃப்.பி.யின் ஒழுக்க விதிகளில் முதல் விதி. அப்பாவை வைத்து அதை மீறிய நீங்கள், நெய்வேலியிலிருந்து வரும் ஒரு அந்நியரை வைத்து எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த பிரீமியம் கட்டுவதற்கு முன்னால் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பிரீமியத்தை நிறுத்தினால் ஒரு கட்டணம் பிடிப்பார்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு, சில ஆயிரங்களோடு போகும். மீதி, குறைந்தது 4 சதவீத வட்டியுள்ள தனி நிதிக்குப் போய், ஐந்து வருடம் முடிந்ததும் திரும்ப வரும். காப்பீடு அதோடு நின்றுவிடும். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டுவதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்யட்டும். நிறுத்தச் சொன்னால், நஷ்டமாகும் தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். இன்னும் கையில் இருப்பதை எங்கே போடுவது என்றும் அவரிடமே கேளுங்கள். தபால் நிலையத்துக்குப் போகலாம் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவர் கோபப்படலாம். எதிர்ப்பேச்சு பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போய்த் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். முதல் தாள் முடியும்வரை வேலையை மட்டும் விட வேண்டாம், அந்த விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வது சரி.